ஏந்திய கையும் நாட்டின் மனமும்

சனிக்கிழமைதோறும் தில்லி மாநகரின் நாற்சந்திகளில் ஒரு காட்சியைக் காணலாம். சிறிய பாத்திரம் ஒன்றில் கடுகெண்ணெய். அதனுள்ளே இரும்புத் தகட்டில் வெட்டிய சனி பகவானின் உருவம். சிவப்பு விளக்கிற்கு வண்டிகள் நின்றதும் அந்தப் பாத்திரம் சன்னலோரமாக வருகிறது. சிலர் காசு இடுகின்றனர். கிரகத்தின் கொடுமை தணியும் என்பது அவர்கள் நினைவு. சிலர் கண்ணாடியை உயர்த்திக் கொள்கின்றனர். இந்தத் தொல்லை என்று ஒழியுமோ என்பது அவர்கள் நினைவு. விளக்கு பச்சையாகிறது, வண்டிகள் போய்விடுகின்றன. பாத்திரத்தை ஏந்தி நின்றவர் யார், எவ்வூரார், முதல் நாள் இரவு என்ன உண்டார் என்பன இட்டவருக்கும் தெரியா, இடாதவருக்கும் தெரியா.

ஒன்று புண்ணியம், மற்றொன்று தொல்லை. ஏந்திய கையை நம் நாடு நோக்கி வந்திருக்கும் வகை பெரும்பாலும் இவ்விரண்டே. இரண்டிற்கும் நெடிய வரலாறு உண்டு. முன்னது அறநூல்களிலிருந்தும் மடங்களிலிருந்தும் சத்திரங்களிலிருந்தும் வந்தது. பின்னது சட்டப் புத்தகங்களிலிருந்தும் போலீஸ் நிலையங்களிலிருந்தும் வந்தது. மேலுக்கு இவை ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை எனத் தோன்றும். ஆயினும் சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து இவ்விரண்டிற்கும் ஓர் ஒற்றுமை இருப்பதைக் காண்போம். கொடுப்பவரின் மறுமையைப் பற்றிய கவலை ஒன்று. கடந்து செல்பவரின் வசதியைப் பற்றிய கவலை மற்றொன்று. கேட்பவரைப் பற்றிய கவலை இரண்டிலும் பின்னுக்குத் தள்ளப்பட்டே வந்திருக்கிறது. அது முன்னுக்கு வந்த வேளைகள் எவை, வந்தும் நிலையாமற் போனது ஏன் என்பதே நாம் ஈண்டு ஆராய விரும்புவது.

மொழிபெயர்ப்பையே நாள்தொழிலாகக் கொண்ட நமக்குச் சொற்களிலிருந்து தொடங்குவது பழக்கம். 'பிட்சை' என்னும் வடசொல், பங்கு பெற விழைதல் என்னும் பொருள் தரும் வேரினின்று பிறந்தது என்று மொழிநூலார் கூறுவர். கேட்பவர் பிறர் பொருளைக் கவர வந்தவர் அல்லர். உள்ளதில் ஒரு பங்கை நாடி வந்தவர் என்பது அதன் கருத்து. 'பக்கீர்' என்ற சொல்லுக்கு அரபு மொழியில் ஏழை என்பதே பொருள்; இறைவன் முன் தன் இல்லாமையை உணர்ந்தவர் என்னும் சிறப்புப் பொருளும் அதற்குண்டு. 'பரதேசி' என்றால் வேற்று நாட்டார் என்றுதான் பொருள். வழிப்போக்கரையும் யாத்திரிகரையும் குறித்த அச்சொல் நம் தெருக்களில் வசவாகிப் போயிற்று. சொல் தேய்ந்து இழிந்த இந்தக் கதையே மனம் மாறிய கதையும் ஆகும்.

சாந்தோக்கிய உபநிடதத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி வருகிறது. சௌனகர், அபிப்பிரதாரி என்னும் இருவருக்கு உணவு பரிமாறும் வேளையில் மாணவன் ஒருவன் வந்து பிட்சை கேட்டான். அவர்கள் ஒன்றும் இடவில்லை. அம்மாணவன் அழவுமில்லை, கெஞ்சவுமில்லை. எல்லா உலகையும் விழுங்கிக் காக்கும் ஒரு தெய்வத்தைக் குறித்துப் புதிர் போடுவான் போலப் பேசி, இவ்வுணவு யாருக்கு உரியதோ அவருக்கு இது கொடுக்கப்படவில்லை என்று சொல்லி முடித்தான். சௌனகர் சிந்தித்தார், மறுமொழி கூறினார், பின்னர் அவனுக்கு உணவளிக்கச் செய்தார். தத்துவ நூலார் இதற்கு ஆழ்ந்த பொருள் காண்பர். நமக்கோ இதன் வெளிப்படைப் பொருளே போதுமானது. உணவு வைத்திருந்தவரை நோக்கி, அது உம்முடையதன்று என்று பசித்தவன் ஒருவன் நிமிர்ந்து சொல்லியிருக்கிறான். அதைப் பெரியோர் ஏற்றும் இருக்கின்றனர்.

அரசின் கடமையும் பண்டே பேசப்பட்டது. ஆதரவற்ற சிறுவர், முதியோர், நோயுற்றோர், துணையற்றோர் ஆகியோரை அரசன் பேண வேண்டும் என்று கௌடிலியரின் அர்த்தசாத்திரம் விதிக்கிறது. மனைவி மக்களுக்கு வழி செய்யாமல் துறவு பூணுவோனுக்குத் தண்டம் விதிக்கவும் அதே நூல் தயங்கவில்லை. துறவின் பெயரால் ஒருவன் கையேந்தப் போக, அவன் வீட்டார் கையேந்தும்படி நேர்வதை அந்நூல் பொறுத்துக்கொள்ளவில்லை போலும். அசோகர் தம் எட்டாம் பாறைக் கல்வெட்டில், வேட்டைக்குச் செல்லும் பழைய அரசர்தம் உலாக்களுக்குப் பதிலாகத் தாம் அற உலாக்களை மேற்கொண்டதையும், அவற்றில் முதியோரைக் கண்டு பொன் வழங்கியதையும் பொறித்து வைத்தார். ஐந்தாம் நூற்றாண்டில் வந்த சீன யாத்திரிகர் பாகியான், பாடலிபுத்திரத்தில் செல்வர்கள் நடத்திய மருத்துவச் சாலைகளைப் பற்றி எழுதினார். ஏழையரும் அநாதைகளும் உறுப்புக் குறைந்தோரும் அங்கே உணவும் மருந்தும் பெற்றனர் என்று அவர் குறிப்பு கூறுகிறது.

முஸ்லிம் அரசர் காலத்திலும் இவ்வொழுக்கம் தொடர்ந்தது. பெரோஸ் ஷா துக்ளக் ஏழைப் பெண்களின் திருமணத்திற்கு உதவத் தனி அலுவலகம் ஒன்றையே நிறுவினார். அக்பர் 1583-ஆம் ஆண்டையொட்டி ஏழை முஸ்லிம்களுக்குக் கைர்பூரா என்றும் இந்துக்களுக்குத் தர்மபூரா என்றும் அன்னசாலைகள் அமைத்தார். யோகியர் கூட்டம் பெருகவே அவர்களுக்கென யோகிபூரா என ஒன்றும் பின்னர் எழுந்தது. 1767 முதல் 1795 வரை மாளவத்தை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கர் காசியிலும் பிற திருத்தலங்களிலும் கோயில்களைப் புதுக்கியதோடு அன்னசத்திரங்களுக்கும் நிவந்தம் அளித்தார். இந்தூர் நகரம் இன்றும் அந்த அரசியின் பெயரைப் போற்றுகிறது. அந்நகரைப் பற்றி இக்கட்டுரையின் முடிவில் மீண்டும் பேச நேரும்.

இவற்றைக் கேட்குமிடத்து, பண்டை நாளில் ஏழைக்கு ஒரு குறையும் இல்லை என்று எண்ணிவிடல் ஆகாது. அன்னசத்திரத்தின் வாயில் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. எந்தக் குலத்தார் உள்ளே அமர்வது, எந்தக் குலத்தார் வெளியே நிற்பது என்ற வேறுபாடு பல இடங்களில் இலையோடு சேர்த்தே பரிமாறப்பட்டது. வறுமை முன்வினைப் பயன் என்ற எண்ணம், இட்டவரின் மனத்தை ஆற்றியதே தவிர, பெற்றவரின் நிலையை மாற்றவில்லை. பாத்திரமறிந்து பிச்சையிடு என்ற பழமொழியும் கேட்பவர் தகுதியை அளக்கச் சொல்கிறதே அன்றி, அவர் ஏன் கேட்கிறார் என்று வினவச் சொல்லவில்லை. தானம் பெறுவதற்கு ஆளில்லாவிடில் தானம் செய்வோர் புண்ணியம் தேடுவது எங்ஙனம்? ஆகவே ஏழை இருக்கவே வேண்டும் என்பது சொல்லாமற் சொல்லப்பட்ட விதியாக இருந்தது.

இதனை உணர்ந்து மறுத்தோரும் நம் நாட்டிலேயே தோன்றினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் கல்யாண நகரில் பசவரும் அவர்தம் அடியாரும், உடலுழைப்பாகிய காயகத்தையே வழிபாடாகக் கொண்டனர். உழைத்துப் பெற்றதைப் பகிர்ந்துகொள்வதைத் தாசோகம் என்றனர். அவர்கள் நெறியில் சமயப் பெரியாருக்கும் உழைப்பினின்று விலக்கில்லை. சீக்கியர்தம் லங்கரில் அனைவரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்கின்றனர். அங்கே இடுபவர் உயரத்திலும் பெறுபவர் தாழ்விலும் இருப்பதில்லை. இன்று பரிமாறியவர் நாளை அவ்வரிசையில் அமரலாம். உணவளிக்கும் பொழுதே கையேந்தும் இழிவை நீக்க முயன்ற வழி இது. சத்திரத்திற்கும் லங்கருக்கும் உள்ள வேற்றுமை சோற்றின் அளவில் இல்லை; அமரும் முறையில் இருக்கிறது.

இனி, தொல்லை என்னும் நோக்கு எவ்வாறு வந்தது என்பதைக் காண்போம்.

இங்கிலாந்தில் 1824-ஆம் ஆண்டில் அலைந்து திரிவோர் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. நெப்போலியனோடு நடந்த போர் முடிந்து வேலையிழந்த வீரர்களும், நிலமிழந்த உழவர்களும் ஊரூராகத் திரிந்த காலம் அது. கண்ணுக்குப் புலனாகும் பிழைப்பு வழி இல்லாமல் திரிவது குற்றம் என்று அச்சட்டம் கூறியது. இந்தத் தொடரை நேயர்கள் நினைவில் நிறுத்த வேண்டுகிறோம். ஒருவர் என்ன செய்தார் என்பதை இது கேட்கவில்லை. அவரிடம் என்ன இல்லை என்பதைக் கேட்கிறது. இல்லாமையே குற்றமாகிறது. மேலும், அந்த இல்லாமை உண்மையில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. காவலரின் கண்ணுக்கு அப்படித் தோன்றினாலே போதும்.

அத்தொடர் கடல் கடந்து நம் நாட்டிற்கு வந்த பொழுது, முதலில் யாரைப் பற்றியது என்பதை அறிந்தால் வியப்புண்டாகும். 1869-இலும் அதனைத் திருத்தி 1874-இலும் இயற்றப்பட்ட ஐரோப்பிய அலைந்து திரிவோர் சட்டம், பிச்சை கேட்கும் வெள்ளையரைப் பிடித்து வேலைக்கூடத்தில் அடைக்க வகை செய்தது. கம்பெனிப் படை கலைந்தபின் வேலையற்றுப் போன சிப்பாய்கள், கப்பலை விட்டு நீங்கிய மாலுமிகள், இருப்புப்பாதை வேலைக்கென வந்து நின்றுபோன தொழிலாளர் முதலானோர் பெருஞ்சாலைகளில் கையேந்தித் திரிந்தனர். ஆளும் இனத்தான் ஆளப்படுவோரிடம் பிச்சை கேட்பதை ஆட்சியாளரால் பொறுக்க இயலவில்லை. அவர்களுடைய பசியைவிட ஆட்சியின் மானமே பெரிதாகத் தோன்றிற்று. தெருவில் கையேந்துவோரை மறைக்க வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு மானப் பிரச்சினையாகவே தொடங்கியது. பின்னாளிலும் அது அத்தன்மையை இழக்கவில்லை என்பதைக் காண்போம்.

1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், நாடோடிக் குடிகள் பலரைப் பிறப்பாலேயே ஐயத்திற்குரியோராக்கியது. கயிற்றின்மேல் நடந்தும், பாடியும், ஆடியும் ஊர்தோறும் பிழைத்த குடிகளும் அவ்வலையில் சிக்கின. விடுதலைக்குப் பின் 1952-இல்தான் அச்சட்டம் ஒழிந்தது.

இதற்கிடையே பஞ்சங்கள் வந்தன. 1876 முதல் 1878 வரை தென்னாட்டையும் மேற்கு இந்தியாவையும் வாட்டிய பெரும் பஞ்சத்தில், நிவாரண வேலை செய்வோருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கணக்கிட்டார். கடும் வேலை செய்வோர் அதனால் உயிர் வாழ இயலாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். சலுகை பெருகினால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவர் என்ற அச்சம் ஒரு பக்கம். கண்முன்னே எலும்புக்கூடுகளாய் நின்ற மனிதர் மறுபக்கம். 1880-இல் அறிக்கை தந்த பஞ்ச விசாரணைக் குழுவும், அதன்பின் எழுந்த பஞ்ச விதித் தொகுப்புகளும், பஞ்சத்தில் மக்களைக் காப்பது அரசின் கடமை என்று ஒப்புக்கொண்டன. வேலை செய்யக்கூடியவருக்கு வேலையும் கூலியும். இயலாதவருக்கு இலவச உதவி. இஃது ஒரு பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பஞ்சம் என்று அரசு அறிவித்தால் அன்றோ இக்கடமை பிறக்கும்? அறிவிக்காவிடில்?

அந்த வினாவிற்கு 1943-இல் வங்காளம் விடை கூறிற்று. பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கப்படவே இல்லை. பஞ்ச விதிகள் நடைமுறைக்கு வரவில்லை. நாட்டுப்புறத்து உழவுக் கூலிகளும், மீனவரும், நெல் குத்திப் பிழைத்த பெண்களும் கால்நடையாகக் கல்கத்தாவை அடைந்தனர். அவர்கள் வீட்டு வாசல்களில் நின்று சோறு கேட்கவில்லை. சோறு கேட்பது மிகையென்று அவர்களுக்கே தோன்றிவிட்டது. சோறு வடித்த கஞ்சியைக் கேட்டனர். வங்காளியில் அதற்கு ஃபேன் என்று பெயர். ஃபேன் தாருங்கள் என்ற அந்தக் குரலை அக்காலத்துக் கல்கத்தாவில் வாழ்ந்தோர் தம் வாழ்நாள் முழுதும் மறக்கவில்லை. ஆகஸ்டு மாதம் 22-ஆம் நாள் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை தெருவில் கிடந்தவர்களின் புகைப்படங்களை வெளியிட்ட பிறகே உலகம் திடுக்கிட்டது. ஓவியர் சித்தப்பிரசாத் தம் கண்ணால் கண்டதை வரைந்து வெளியிட்ட சிறு நூலை அரசினர் கைப்பற்றி எரித்தனர்.

இறந்தோர் 15 லட்சம் என்று உட்ஹெட் விசாரணைக் குழு மதிப்பிட்டது; 30 லட்சம் வரை இருக்கும் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் சிலரின் கணக்கு. அதே 1943-ஆம் ஆண்டின் சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் வங்காள அலைந்து திரிவோர் சட்டம் அதில் இடம்பெற்றிருப்பதைக் காண்கிறோம். அக்டோபர் இறுதியில், கல்கத்தாவில் திரளும் ஆதரவற்றோரைத் திரட்டி நகரினின்று அகற்றுவதற்கென ஓர் அவசரச் சட்டமும் பிறந்தது. அவர்கள் நகரத்திற்கு வந்த காரணம் கிராமத்தில் இருந்தது. அகற்றப்பட்டதோ காரணம் அன்று, மனிதர்.

அந்நாளில் சாந்திநிகேதனில் பத்து வயதும் நிரம்பாத சிறுவன் ஒருவன் இருந்தான். உதவி கேட்டு வருவோருக்குச் சிகரெட் டப்பா ஒன்றில் அரிசி அளந்து கொடுக்கப் பாட்டனார் அவனுக்கு அனுமதி அளித்திருந்தார். குடும்பத்திற்கு ஒரு டப்பாதான். அச்சிறுவரே பின்னாளில் பொருளாதார அறிஞராகத் திகழ்ந்த அமர்த்திய சென். 1981-இல் வெளிவந்த நூலில் அவர் நிறுவிய கருத்து எளியது, ஆனால் பெரியது. உணவு இல்லாமையால் மட்டும் மக்கள் பட்டினி கிடப்பதில்லை. உணவைப் பெறும் உரிமை தம்மிடம் இல்லாமையால் கிடக்கின்றனர். கூலி நின்றாலும், விலை ஏறினாலும், களஞ்சியம் நிறைந்திருக்கும் போதே ஒருவர் கையேந்தும் நிலையை அடைகிறார். பசித்த மாணவனின் பழைய புதிருக்குப் பொருளாதார நூல் தந்த விளக்கம் என்றே இதனை நாம் கொள்ளலாம்.

நம் தலைவர்களும் இவ்விஷயத்தில் ஒரே கருத்தினர் அல்லர். சுவாமி விவேகானந்தர் ஏழையிடம் இறைவனைக் காணச் சொன்னார். 1897-இல் முர்ஷிதாபாத் மாவட்டத்துப் பஞ்சத்தில் அவருடைய தோழர் அகண்டானந்தர் சோறிட்டுத் தொண்டைத் தொடங்கினார். காந்தியடிகளோ, உடல் நலமுள்ளவனுக்கு உழைப்பின்றி உணவளிப்பது தமது அகிம்சைக்கு ஒவ்வாது என்றும், தமக்கு அதிகாரம் இருந்தால் இலவச அன்னசாலைகளை மூடிவிடுவதாகவும் 1925-இல் எழுதினார். மேலோட்டமாகப் படிப்போர் இதனைப் பிச்சைக்காரருக்கு எதிரான சொல்லாகக் கொள்வர். அஃது அவ்வாறன்று. பசித்தவனுக்கு வேலையும் கூலியுமே கடவுள் என்று 1921-இல் தாகூருக்கு மறுமொழி எழுதிய அதே காந்தியடிகள், வேலை தராமல் சோற்றை மட்டும் மறுக்கச் சொல்லவில்லை. அவர் மறுத்தது தானத்தின் சோம்பலை. அதாவது, கொடுப்பவரின் சோம்பலை. ஒரு காசை எறிந்துவிட்டுக் கடமை தீர்ந்தது என்று போவது எளிது. ஒருவருக்கு வேலை உண்டாக்குவது அரிது.

விடுதலை அண்மித்த காலத்தில் சமூகப் பணித் துறையாரும் இதனை ஆராயலாயினர். பம்பாயில் டாட்டா சமூகப் பணிப் பள்ளியின் தலைவராக இருந்தவரும், பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் உடன்பிறந்தவருமான ஜே. எம். குமரப்பா 1945-இல் பிச்சைக்காரர் பிரச்சினை பற்றிய கட்டுரைத் தொகுதி ஒன்றை வெளியிட்டார். அதே ஆண்டில் பம்பாயிலும் சென்னையிலும் பிச்சை தடுப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. பம்பாய்ச் சட்டம் 1959-இல் விரிவாக்கப்பட்டு, விரைவில் தில்லிக்கும் நீட்டிக்கப்பட்டது. பிற மாநிலங்கள் பலவற்றுக்கும் அதுவே முன்மாதிரியாயிற்று.

அச்சட்டத்தின் இலக்கணப் பிரிவைத் தமிழில் பெயர்த்துப் பார்ப்போமாயின் நம் கை தயங்கும். பொது இடத்தில் பிச்சை கேட்பது பிச்சை எடுத்தல், பெறுவதும் அவ்வாறே. பாடுதல், ஆடுதல், குறி சொல்லுதல், வித்தை காட்டுதல், ஏதேனும் பொருளை விற்க நீட்டுதல் ஆகிய சாக்குகளில் காசு பெறுவதும் பிச்சை எடுத்தல். புண்ணையும் ஊனத்தையும் காட்டி இரப்பதும் அதுவே. இறுதியாக, கண்ணுக்குப் புலனாகும் பிழைப்பு வழி இல்லாமல், பிச்சையால் வாழ்பவர் போலத் தோன்றும் நிலையில் பொது இடத்தில் திரிவதும் அதுவே. 1824-ஆம் ஆண்டின் தொடரை நேயர்கள் அடையாளம் கண்டிருப்பார்கள். இலண்டனில் பிறந்து, வெள்ளைச் சிப்பாயைத் துரத்தி, விடுதலை பெற்ற இந்தியாவின் குடிமகன் தலைமேல் அது வந்து நின்றது. பிடிவாரண்டு இன்றியே காவலர் கைது செய்யலாம். முதல் முறை அகப்பட்டவரை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இல்லத்தில் அடைக்கலாம். மீண்டும் அகப்பட்டால் பத்தாண்டு வரையிலும் அடைக்கலாம். வங்காளத்துப் பாவுல் பாடகர்தம் மரபை 2005-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் கலைச் செல்வமாக அறிவித்தது. அப்பாடகர் பம்பாய்த் தெருவொன்றில் ஏக்தாராவை மீட்டிக் காசு பெற்றால், சட்டத்தின் கண்ணில் அவர் வேறொருவர்.

இச்சட்டங்களை ஆதரிப்போர் ஒரு வாதத்தை விடாது எடுத்துரைப்பர். பிச்சைக்குப் பின்னே கொடிய கும்பல்கள் இருக்கின்றன. குழந்தைகளைத் திருடியும் ஊனப்படுத்தியும் சம்பாதிக்கின்றன என்பர். இது பொருட்படுத்தத்தக்க வாதமே. ஆனால் அதற்குத் தனிச் சட்டம் வேறு உண்டு. பம்பாய்ச் சட்டம் பிறந்த அதே 1959-இல் நாடாளுமன்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் புதுப் பிரிவொன்றைச் சேர்த்து, பிச்சைக்காகக் குழந்தையைக் கடத்துவதையும் ஊனப்படுத்துவதையும் கடுங்குற்றமாக்கியது. 2023-இல் இயற்றப்பட்ட பாரதிய நியாய சம்ஹிதையிலும் அக்குற்றம் இடம்பெற்றுள்ளது. கடத்துபவனுக்கு ஒரு சட்டம் இருக்க, கடத்தப்பட்டவனையும், கும்பலையே அறியாத கிழவியையும் அடைப்பதற்கு மற்றொன்று எதற்கு என்பதே வினா.

அவ்வினாவை நீதிமன்றங்கள் மெல்ல மெல்லக் கேட்கலாயின. 2006-இல் தில்லி உயர் நீதிமன்றம் ராம் லக்கன் வழக்கில், பிச்சை எடுப்போரை ஒரே வகையினராகக் கருதலாகாது என்றது. வேலையில் விருப்பமின்றி எடுப்பவர் உண்டு. மதுவிற்காக எடுப்பவர் உண்டு. கும்பலுக்கு அடிமைப்பட்டவர் உண்டு. பட்டினியால் வேறு வழியின்றி எடுப்பவரும் உண்டு. காரணத்தை ஆராயாமல் தண்டித்தல் தகாது என்பது அதன் சாரம். ஆயினும் நடைமுறை எளிதில் மாறவில்லை. 2010-இல் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடக்கவிருந்ததை முன்னிட்டு, முந்திய ஆண்டிலேயே பிச்சைக்காரரை விசாரிக்க வண்டியில் செல்லும் நீதிமன்றங்கள் ஏற்பட்டன. 2017-இல் ஐதராபாத்தில் உலகத் தொழில் முனைவோர் மாநாடு கூடியபோது, இரண்டு மாதம் நகரில் பிச்சை தடை செய்யப்பட்டது. விருந்தினர் வரும்போதெல்லாம் வறியவர் மறைக்கப்படுவது 1869-இன் மானப் பிரச்சினையே அன்றி வேறென்ன?

2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள், தில்லி உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் கீதா மித்தல், ஹரி சங்கர் ஆகியோர், பிச்சை எடுத்தலைக் குற்றமாக்கும் பிரிவுகள் தில்லியைப் பொறுத்தவரை அரசமைப்புக்கு முரணானவை என்று தீர்ப்பளித்தனர். மக்கள் விரும்பிப் பிச்சை எடுப்பதில்லை. அரசு தர வேண்டிய சமூகப் பாதுகாப்பு கிட்டாமையால் எடுக்கின்றனர். தரத் தவறிய அரசே அவர்களைத் தண்டிப்பது எவ்வாறு பொருந்தும் என்பது தீர்ப்பின் கருத்து. பிறரைப் பிச்சையில் ஈடுபடுத்துவோரைத் தண்டிக்கும் பிரிவை நீதிமன்றம் அகற்றவில்லை. மறு ஆண்டில் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றமும் அங்கிருந்த சட்டத்தை நீக்கியது. கொள்ளைநோய்க் காலத்தில், 2021 ஜூலையில், நாற்சந்திகளினின்று பிச்சைக்காரரை அகற்ற ஆணையிடுமாறு உச்ச நீதிமன்றத்தில் வேண்டப்பட்டது. வறுமையின்றி எவரும் தெருவில் கையேந்த விரும்பார் என்று கூறி, நீதிபதிகள் அவ்வேண்டுகோளை ஏற்க மறுத்தனர்.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கு, பிச்சையெடுப்போரும் அலைந்து திரிவோருமாக 4,13,670 பேரை எண்ணியது. அவர்களுள் 1,91,997 பேர் பெண்கள். நிலையான முகவரி இல்லாதோரை எண்ணுவது எளிதன்று. ஆதலின் இதனை முழுக் கணக்காகக் கொள்வதற்கில்லை. மறுவாழ்வுக்கென மத்திய அரசு 2022 பிப்ரவரியில் திட்டமொன்றைத் தொடங்கியது. அத்திட்டத்தின் கீழ் வந்த நகரங்களுள் இந்தூரும் ஒன்று. அங்கே 2025 ஜனவரி முதல் நாள் தொடங்கிப் பிச்சை இடுவோர் மீதே வழக்குத் தொடரப்படும் என மாவட்ட நிர்வாகம் அறிவித்தது. வரலாற்றின் சக்கரம் இங்கே விந்தையாகச் சுழன்றிருப்பதை நோக்குங்கள். அன்னசத்திரங்களுக்கு வாரி வழங்கிய அகல்யாபாயின் பெயர் விளங்கும் நகரில், இடுவதும் குற்றமாயிற்று. வறியவருக்கு வீடும் தொழிலும் தந்தபின் பிச்சையைத் தடுப்பது ஒன்று. தருமுன் தடுப்பது மற்றொன்று. முன்னது காந்தியடிகள் விரும்பிய வழி. பின்னது வங்காளத்து அவசரச் சட்டத்தின் வழி. எந்த நகரம் எவ்வழியில் செல்கிறது என்பதை அறியச் சந்திகளை நோக்கினால் போதாது. அங்கிருந்து போனவர்கள் எங்கே இருக்கின்றனர் என்று விசாரிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கும்போது நமக்குத் தெளிவாவது ஒன்று. கேட்பவருக்கு உரிமை உண்டு என்று இந்நாடு ஒப்புக்கொண்ட வேளைகளிலெல்லாம் ஏந்திய கைகள் குறைய வழி பிறந்திருக்கிறது. 1972-73 வறட்சியை ஒட்டி மகாராட்டிரத்தில் வளர்ந்த வேலை உறுதித் திட்டமும், கிராமக் குடும்பத்திற்கு ஆண்டில் 100 நாள் வேலைக்கு உறுதி கூறிய 2005-ஆம் ஆண்டுச் சட்டமும், உணவுப் பாதுகாப்புக்கென 2013-இல் வந்த சட்டமும் அத்தகைய வேளைகள். அவற்றில் குறைகள் பல இருந்தன. எனினும் அவை ஏழையைப் புண்ணியத்திற்குரிய பாத்திரமாகவோ, கண்ணுக்கு உறுத்தும் தொல்லையாகவோ நோக்கவில்லை. பங்குக்கு உரிய குடிமகனாக நோக்கின.

அடுத்த சனிக்கிழமையும் அந்த எண்ணெய்ப் பாத்திரம் சன்னலோரம் வரும். காசு இடுவதா, விடுவதா என்பதை அவரவர் மனமே முடிவு செய்யட்டும். இட்டவர் பாவியும் அல்லர், இடாதவர் கொடியவரும் அல்லர். ஆனால் கிரகத்தையும் நினையாமல், தாமதத்தையும் நினையாமல், ஒரு கணம் அந்த முகத்தை நாம் நோக்குவோமாக. உணவு யாருக்கு உரியதோ அவருக்கு அது கிடைத்ததா என்று பண்டொரு மாணவன் கேட்ட கேள்வி அந்த முகத்தில் இருக்கிறது. சௌனகர் அன்று சிந்தித்தார். நாமும் சிந்திக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.